டூட்ஸ் ஹிபர்ட்: ரெகே இசைக்குப் பெயர் தந்த பாடகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூட்ஸ் ஹிபர்ட் யார்?

ஜமைக்காவின் கிளாரெண்டன் மாவட்டத்தில் உள்ள மே பென் என்ற ஊரில் 1942 டிசம்பர் 8 அன்று பிறந்த ஃப்ரெடரிக் நத்தானியல் ஹிபர்ட்டைத்தான் இசை உலகம் டூட்ஸ் என்று அழைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கிங்ஸ்டன் நகரில் உருவான மேடால்ஸ் என்ற மூவர் குழுவின் முதன்மைப் பாடகர் அவர். குழுவின் புகழ்பெற்ற பாடல்களை எழுதியவரும் அவரே. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மேடையில் நின்றுவிட்டு, 2020 செப்டம்பர் 11 அன்று தமது 77ஆம் வயதில் கிங்ஸ்டனில் காலமானார்.

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசை என்றதும் அதன் மிகப் புகழ்பெற்ற பாடகரான பாப் மார்லியின் முகம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அந்த இசையின் பெயர் முதன்முதலில் ஒரு பாடலில் ஒலித்தது டூட்ஸின் குரலில். மார்லியிடம் தீர்க்கதரிசியின் தொனி உண்டு. டூட்ஸிடம் இருப்பது, ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று தனக்கு நேர்ந்ததைச் சாட்சியாகச் சொல்லும் கிராமத்து மனிதனின் தொனி. ரெகேவின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் அந்த இரண்டாவது குரலைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அவருடைய இசைக்கும் தேவாலயத்துக்கும் என்ன தொடர்பு?

முழுத் தொடர்பும் அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய தாய், தந்தை இருவருமே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் போதகர்கள். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியான டூட்ஸ், சபைப் பாடகர் குழுவில் பாடித்தான் குரலைப் பழக்கினார். போதகர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, சபையார் அதை வாங்கித் திருப்பிப் பாட, கைதட்டலும் காலடியும் தாளமாக மாறி, பாடல் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று ஏறிக்கொண்டே போகும் வழிபாட்டு முறை அது.

மேடால்ஸின் பாடல்களை அடுத்தடுத்துக் கேட்டால் அந்த முறை அப்படியே இருப்பது தெரியும். 1968இல் வெளிவந்த '54-46 தட்ஸ் மை நம்பர்' பாடலின் நடுவில் டூட்ஸ் பாடுவதை நிறுத்திவிட்டு, ஒரு முறை கொடு என்கிறார். வாத்தியங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே ஒரு அடி அடித்து ஓய்கின்றன. இரண்டு முறை என்கிறார், இரண்டு அடி. பிறகு மூன்று, நான்கு. அந்த எண்ணிக்கை ஏற ஏறக் கேட்பவரின் உடலிலும் ஒரு துடிப்பு ஏறுகிறது. சபையைத் தம் கைக்குள் வைத்திருக்கும் ஒரு போதகர் செய்வதும் இதைத்தான். அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கோடு டூட்ஸைப் பலரும் ஒப்பிடுவதற்குக் காரணமும் இதுவே: ரெடிங்கும் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். சொற்கள் தீர்ந்த பிறகும் முனகலாகவும் கூவலாகவும் பாடலைத் தொடரத் தெரிந்தவர்கள் இருவரும்.

மேடால்ஸ் குழு எப்படி உருவானது?

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த டூட்ஸ், கிங்ஸ்டனின் ட்ரெஞ்ச்டவுன் பகுதியில் இருந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை. கத்தரிக்கோலோடு குரலும் ஓடிக்கொண்டிருந்ததால், அந்தக் கடையின் பக்கம் வந்த ராலி கோர்டன், ஜெரி மத்தாயஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அவரோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். மூவரின் குரல்களும் ஒத்துப்போயின, குழு பிறந்தது.

ஜமைக்கா விடுதலை பெற்ற 1962ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. நகரின் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டி இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் 'சவுண்ட் சிஸ்டம்' நடத்துநர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு, தாங்களே பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் முதன்மையானவரான காக்ஸோன் டாட்டின் ஸ்டுடியோ ஒன் நிறுவனத்தில் மேடால்ஸ் முதலில் பாடினார்கள். அங்கே பதிவான பாடல்களில் பலவும் நேரடியாகவே பக்திப் பாடல்கள். மோசேயின் புத்தகங்களைப் பட்டியலிடும் பாடல்கூட ஒன்று உண்டு. அடுத்து பிரின்ஸ் பஸ்டர், பிறகு பைரன் லீ என்று தயாரிப்பாளர்கள் மாறினார்கள். பிரிட்டனில் வெளியான சில தட்டுகளில் குழுவின் பெயர் வைக்கிங்ஸ் என்று அச்சாகியிருந்தது. பாடியவர்களைக் கேட்டுப் பெயர் போடும் வழக்கம் அன்றைய வணிகத்தில் அவ்வளவாக இல்லை. பணம் கொடுப்பதிலும் அப்படித்தான்.

ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே ஆகிய மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

மூன்றும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே வாத்தியக்காரர்களின் கைகளில், பத்து ஆண்டுகளுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை. 1960களின் முதல் பாதியில் ஓங்கியிருந்த ஸ்கா, விரைவான ஆட்ட இசை: எக்காளங்களும் சாக்ஸபோனும் முன்னால் நிற்க, கிட்டாரும் பியானோவும் தாளத்தின் இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடத்தில் வெட்டி வெட்டி ஒலிக்கும். 1966 வாக்கில் வேகம் குறைந்தது, ஊதுகருவிகள் பின்வாங்கின, பேஸ் கிட்டார் தனக்கென ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தது. அதுதான் ராக்ஸ்டெடி. இரண்டு ஆண்டுகள்கூட அது முழுமையாக நிலைக்கவில்லை.

1968இல் மீண்டும் ஒரு மாற்றம். ஆர்கன் வாசிப்பவர் விரல்களை இடைவிடாமல் குமிழியிடுவதுபோல் ஓடவிட, கிட்டார் இரட்டை வெட்டாக விழ, டிரம்ஸ் வாசிப்பவர் முதல் எண்ணிக்கையை வெறுமையாக விட்டு, பலமான அடியை மூன்றாம் எண்ணிக்கையில் இறக்கும் வழக்கமும் மெல்ல மெல்ல வேரூன்றியது. முதல் எண்ணிக்கையில் காலூன்றிப் பழகிய காதுக்கு இது முதலில் தடுமாற்றமாக இருக்கும். பழகிவிட்டால் விட முடியாது. இந்தப் புது நடைக்குத்தான் ரெகே என்ற பெயர் நிலைத்தது. டூட்ஸின் தனிச்சிறப்பு என்னவென்றால், இந்த மூன்று நடைகளிலும் அவர் பாடியிருக்கிறார், மூன்றிலும் அவருடைய பாடும் முறை மாறவில்லை.

'ரெகே' என்ற பெயரை உண்மையிலேயே அவர்தான் உருவாக்கினாரா?

பெயரை முதலில் இசைத்தட்டில் பதித்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. தயாரிப்பாளர் லெஸ்லி காங்கின் பெவர்லீஸ் நிறுவனத்துக்காக 1968இல் மேடால்ஸ் பாடிய 'டூ த ரெகே' என்ற பாடலே அந்தச் சொல் தலைப்பில் இடம்பெற்ற முதல் பாடல். அப்போது சொல்லின் எழுத்துக்கூட்டல்கூட இன்று வழங்கும் வடிவத்தில் இல்லை. கிங்ஸ்டன் தெருக்களில், ஒழுங்காக உடுத்தாத பெண்களைக் கேலியாகக் குறிக்க 'ஸ்ட்ரெகே' என்ற கொச்சைச் சொல் புழங்கியது என்றும், பாடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் திரிபாக இது வாயில் வந்தது என்றும் டூட்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பெயர் வேறு, இசை வேறு. முதல் ரெகே இசைத்தட்டு எது என்ற கேள்விக்கு அதே 1968இல் ஸ்டுடியோ ஒன்னில் பதிவான லாரி மார்ஷல், ஆல்வின் இணையரின் 'நேனி கோட்' பாடலைக் காட்டுகிறவர்கள் உண்டு. வேறு பாடல்களைச் சொல்கிறவர்களும் உண்டு. இரவும் பகலும் ஒரே கூடங்களில் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்த சில பத்து வாத்தியக்காரர்கள் சேர்ந்து கண்டெடுத்த நடையை ஒரு தனி ஆளின் கணக்கில் எழுதுவது சரியாகாது. டூட்ஸே தம்மை அந்த இசையின் ஒரே தந்தையாகக் காட்டிக்கொள்வதைவிட, அதற்குப் பெயர் வைத்தவன் என்று சொல்லிக்கொள்வதில்தான் பெருமைப்பட்டார்.

அவர் ஏன் சிறைக்குப் போனார்? '54-46' என்பது என்ன?

1966இல், குழு புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வேளையில், கஞ்சா வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு டூட்ஸ் சிறையிலடைக்கப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றும், திட்டமிட்டுச் சிக்கவைக்கப்பட்டதாகவும் அவர் பின்னாளில் கூறினார். (கஞ்சா என்ற செடியும் சொல்லும் ஜமைக்காவுக்குப் போனதே, 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களோடுதான்.) மற்ற இருவரும் அவர் வரும்வரை காத்திருந்தார்கள். வெளியே வந்ததும் எழுதிய பாடல்தான் 54-46. கைதி எண்ணைத் தலைப்பாகக் கொண்டது.

அந்தப் பாடலில் புலம்பல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காவலர் கைகளைத் தூக்கச் சொல்வதையும், உடைமைகளைச் சோதிப்பதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்த எண் இப்போது வேறொருவனுடையது என்று முடிக்கிறார். அவமானத்தின் அடையாளமாகக் கொடுக்கப்பட்ட எண்ணை ஊரே சேர்ந்து கூவி ஆடும் பல்லவியாக மாற்றிய துணிச்சல், வேறு எந்த எதிர்ப்புப் பாடலுக்கும் குறைந்ததன்று.

ஜமைக்காவின் விடுதலை விழாப் பாடல் போட்டியில் அவருடைய இடம் என்ன?

விடுதலை நாளையொட்டி 1966இல் தொடங்கப்பட்ட தேசியப் பாடல் போட்டியின் முதல் வெற்றியாளர்கள் மேடால்ஸ்தான். பாடல் 'பாம் பாம்'. 1969இல் 'ஸ்வீட் அண்ட் டாண்டி' பாடலுக்கும், 1972இல் 'பாம்ப் அண்ட் பிரைட்' பாடலுக்கும் மீண்டும் வென்றார்கள்.

இவற்றில் இரண்டாவது பாடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் டூட்ஸ் எப்படிப்பட்ட எழுத்தாளர் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடல் வேறில்லை. அது ஒரு கிராமத்துக் கல்யாணம். மணப்பெண் எட்டி ஓர் அறையில் அழுதுகொண்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொள் என்கிறாள் தாய். பள்ளிக்கூடமே பார்க்காதவள்போல் நடந்துகொள்ளாதே என்று கடிந்துகொள்கிறார் தந்தை. இன்னோர் அறையில் மாப்பிள்ளை ஜான்சனும் கலங்கிப்போய் நிற்கிறான், அவனுக்கும் அதே அறிவுரை. கல்யாண கேக்குக்கு ஒரு பவுண்டு பத்து ஷில்லிங் செலவு; பானப் புட்டிகளுக்குப் பஞ்சமில்லை; வந்தவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் பாடல். கருத்து எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் கடன் வாங்கியாவது கல்யாணத்தைச் சிறப்பாகச் செய்துவிட வேண்டும் என்று நிற்கும் ஒரு வீட்டின் பதற்றமும் பெருமையும் மூன்று நிமிடங்களுக்குள் முழுமையாக வந்துவிடுகின்றன. தேசிய விழாப் போட்டியில் கொடியையும் நாட்டையும் புகழ்ந்து பாடாமல், அழுகிற மணப்பெண்ணைப் பாடி வென்றவர் அவர்.

லெஸ்லி காங் யார்? அவர் ஏன் முக்கியமானவர்?

கிங்ஸ்டனின் ஆரஞ்சு தெருவில், பெவர்லீஸ் என்ற பெயரில் ஐஸ்கிரீமும் இசைத்தட்டும் விற்ற சீன வம்சாவளி ஜமைக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜிம்மி கிளிஃப் என்ற இளைஞன் கடைக்குள் நுழைந்து, கடையின் பெயரை வைத்தே ஒரு பாடலைப் பாடிக் காட்டியதுதான் அவர் தயாரிப்பாளரானதற்குக் காரணம் என்பது புகழ்பெற்ற கதை. 1969இல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்த டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரேலைட்ஸ்' அவருடைய தயாரிப்பே. டூட்ஸின் 'மங்கி மேன்', 'பிரஷர் டிராப்' உள்ளிட்ட சிறந்த பாடல்கள் அவரிடம் பதிவானவை. பேஸ் கிட்டாரில் ஜாக்கி ஜாக்சன், கிட்டாரில் ஹக்ஸ் பிரவுன் போன்ற தேர்ந்த கைகள் அவர் கூடத்தில் இருந்தன. 1971இல் மாரடைப்பால் இளம் வயதிலேயே காங் இறந்தது குழுவுக்குப் பெரிய இழப்பு.

வெளிநாடுகளில் அவருடைய இசை எப்படிப் பரவியது?

முதல் அடி பிரிட்டனில். 'மங்கி மேன்' 1970இல் அங்கே தரவரிசையில் 47ஆம் இடத்தைத் தொட்டது. எண் சிறியதாகத் தோன்றினாலும், மேற்கிந்தியக் குடியேறிகளின் வீடுகளிலும், அவர்களோடு பழகிய வெள்ளைத் தொழிலாளர் இளைஞர்களின் நடன அரங்குகளிலும் அந்தப் பாடல் ஒலித்த அளவுக்கு அது சரியான அளவுகோல் அன்று.

இரண்டாவது, பெரி ஹென்செல் இயக்கி 1972இல் வெளிவந்த 'த ஹார்டர் தே கம்' திரைப்படம். ஜிம்மி கிளிஃப் நாயகனாக நடித்த அந்தப் படத்தில், ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஸ்வீட் அண்ட் டாண்டி' பாடும் மேடால்ஸையே நாம் பார்க்கிறோம். படத்தின் இசைத்தட்டில் 'பிரஷர் டிராப்' பாடலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் ஒரு தலைமுறை ரெகேவை முதலில் கேட்டது அந்தத் தட்டின் வழியாகத்தான்.

பின்னர் கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் 'ஃபங்கி கிங்ஸ்டன்' தொகுப்பை 1975இல் அமெரிக்காவில் வெளியிட்டது. அதே காலத்தில் த ஹூ என்ற ராக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொடக்க நிகழ்ச்சியை மேடால்ஸ் வழங்கினார்கள். ஜான் டென்வரின் 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடலில் வரும் மேற்கு வர்ஜீனியாவை மேற்கு ஜமைக்கா என்று மாற்றி டூட்ஸ் பாடியதும் அந்தத் தொகுப்பில் உண்டு. கேட்டவர்கள் பலருக்கு அது ஆதியிலேயே ஜமைக்கப் பாடல்தானோ என்று தோன்றும்.

1980 செப்டம்பர் 29 அன்று லண்டனின் ஹாமர்ஸ்மித் பாலே அரங்கில் நடந்த கச்சேரி பதிவு செய்யப்பட்டு, தட்டாக அழுத்தப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் கடைகளுக்கு வந்தது. விளம்பர உத்திதான், ஆனால் தட்டில் உள்ள இசை அந்த உத்தியைவிடப் பல மடங்கு மேலானது.

பிற இசைக்கலைஞர்கள் மீது அவருடைய தாக்கம் என்ன?

பிரிட்டனின் பங்க் தலைமுறையிலிருந்து தொடங்கலாம். த கிளாஷ் குழு 'பிரஷர் டிராப்' பாடலை 1979இல் வெளியிட்டது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஸ்காவுக்குப் புத்துயிர் கொடுத்த த ஸ்பெஷல்ஸ் குழு, அதே ஆண்டு தன் முதல் தொகுப்பில் 'மங்கி மேன்' பாடலைச் சேர்த்தது. பின்னாளில் ஏமி வைன்ஹவுஸும் அதைப் பாடினார். கலிஃபோர்னியாவின் சப்லைம் குழு 54-46 பாடலை எடுத்தாண்டது. சிஸ்டர் நான்சி 1982இல் 'பாம் பாம்' பல்லவியை எடுத்துக்கொண்டு பாடிய பாடல், பிறகு ஹிப் ஹாப் இசையில் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப்பட்டு, மூலத்தைக் கேட்டிராத கோடிக்கணக்கானோரின் காதில் விழுந்திருக்கிறது.

டூட்ஸோடு வாசித்தவர்களின் தாக்கம் தனி. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தம்முடைய 'மதர் அண்ட் சைல்ட் ரீயூனியன்' பாடலைப் பதிவு செய்யக் கிங்ஸ்டனுக்கே வந்தபோது, அவருக்கு வாசித்தவர்கள் ஹக்ஸ் பிரவுனும் ஜாக்கி ஜாக்சனும்தான்.

அப்படியானால் பாப் மார்லி அளவுக்குப் புகழ் ஏன் கிடைக்கவில்லை?

இருவரும் ட்ரெஞ்ச்டவுனில் வளர்ந்தவர்கள், இருவரும் ஸ்டுடியோ ஒன்னில் தொடங்கியவர்கள், இருவரையும் உலகுக்கு அனுப்பியது ஐலண்ட் நிறுவனம். ஆகவே திறமையில் காரணத்தைத் தேட வேண்டாம். ராக் ரசிகர்கள் எதிர்பார்த்த வடிவம் மார்லிக்குப் பொருந்தியது: நீண்ட சடை, அரசியல் கூர்மை, ஒரே கருத்தைச் சுற்றிக் கட்டிய தொகுப்புகள், 1981இல் 36 வயதிலேயே நேர்ந்த மரணம். டூட்ஸின் உலகமோ தனித்தனிப் பாடல்களின் உலகம். கல்யாணம், சிறை, ஏமாற்றிய காதலி, கூலி தராத முதலாளி. ஏமாற்றியவன் தலையில் வினைப்பயன் வந்து விழும் என்று எச்சரிக்கும் 'பிரஷர் டிராப்' பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: வசவாக வேண்டியதை அவர் கைதட்டிப் பாடும் கீதமாக ஆக்கிவிட்டார். சந்தோஷமாக ஒலிக்கும் கலையை ஆழமற்றது என்று எடைபோடும் விமர்சகர்களின் பழக்கமும் இதில் சேர்ந்துகொண்டது.

மேடையில் அவர் தாக்கப்பட்ட நிகழ்வு என்ன?

2013 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் நடந்த விழாவில், கூட்டத்திலிருந்து வீசப்பட்ட ஒரு பெரிய வோட்கா புட்டி அவர் தலையில் பட்டது. காயத்துக்குத் தையல் போட்டதோடு முடியவில்லை. தலைவலியும் மறதியும் கூட்டத்தைக் கண்டால் எழும் அச்சமும் தொடர்ந்தன. வீசியவர் 19 வயது இளைஞர். அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டு டூட்ஸ் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். சிறை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதிய கடிதம் அது. நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. டூட்ஸ் மீண்டும் மேடையேற 2016 ஆயிற்று.

என்னென்ன விருதுகள் பெற்றார்? கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன?

வில்லி நெல்சன், எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ், போனி ரெய்ட் முதலியோர் உடன் பாடியும் வாசித்தும் 2004இல் வெளிவந்த 'ட்ரூ லவ்' தொகுப்புக்குச் சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. 2012இல் ஜமைக்க அரசு அவருக்கு ஆர்டர் ஆஃப் ஜமைக்கா என்ற உயரிய சிறப்பை அளித்தது.

2020இல், 77 வயதில், தாம் முதன்முதலில் வென்ற அதே விழாப் பாடல் போட்டியில் மீண்டும் போட்டியாளராகக் கலந்துகொண்டு இறுதிச் சுற்றுக்கு வந்தார்; வென்றவர் பூஜு பாண்டன். ஆகஸ்ட் இறுதியில் 'காட் டு பி டஃப்' என்ற புதிய தொகுப்பு வெளிவந்தது. அது வெளிவந்ததை ஒட்டிய நாட்களில் அவர் கொரோனா தொற்று ஐயத்தின்பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு வாரங்களில் இறந்தார். அந்தத் தொகுப்புக்கு 2021 மார்ச்சில் கிராமி விருது கிடைத்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் லெஸ்லி காங் காலத்துப் பாடல்களைக் கேளுங்கள்: 54-46, 'பிரஷர் டிராப்', 'ஸ்வீட் அண்ட் டாண்டி', 'மங்கி மேன்'. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்பது நல்லது. முதல் முறை டூட்ஸின் குரலை மட்டும், இரண்டாம் முறை பின்னால் ராலியும் ஜெரியும் கொடுக்கும் பதிலை மட்டும். அடுத்து 'ஃபங்கி கிங்ஸ்டன்' தொகுப்பு. 1975இன் அமெரிக்கப் பதிப்பில் பாடல்களின் தேர்வு வேறு என்பதால், முடிந்தால் முந்தைய பதிப்பையும் தேடிப் பாருங்கள். சோல் இசை பிடித்தவர்களுக்கு 1988இன் 'டூட்ஸ் இன் மெம்பிஸ்' பொருத்தமாக இருக்கும். ஸ்டுடியோ ஒன் காலத்துப் பக்திப் பாடல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனால் மற்ற பாடல்களைக் கேட்டு முடித்திருந்தால் அந்தக் குரலை அடையாளம் காண ஒரு வரிக்கு மேல் ஆகாது.